ஆறு சிலிண்டரும் ஒரு சொம்புத் தண்ணீரும்

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, விளிம்புவரை தண்ணீர் நிறைத்த பித்தளைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது. ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தாவிட்டால் பால்கோவா. சிந்தினாலும் பால்கோவா உண்டு. ஆனால் எந்த இடத்தில் சிந்தியது, எவ்வளவு சிந்தியது, பாவாடையில் எந்தப் பக்கம் நனைந்தது என்று மாமா கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உத்தியோகம் எந்த ஊரில் கிடைக்கும், சொல்லுங்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மில்லுகளுக்கு பெல்ட், பேரிங் என்று உதிரிச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில், ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய அமெரிக்கக் காரை விலைக்குப் பேசி வாங்கி வந்துவிட்டார். தெருவில் அதற்குக் கப்பல் என்று பெயர். அது எங்கள் தெருவுக்குள் திரும்பினால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கி யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுகொள்ள வேண்டும்.

கப்பலின் பெருமை அதன் இஞ்சின்தான். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். ஊரில் மற்ற கார்களுக்கெல்லாம் நாலுதான். அதிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து பாதிப் பேர் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சினை மாட்டியிருந்தார்கள். அந்தக் கார்கள் நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடும், கண்ணாடியெல்லாம் கலகலக்கும். கப்பல் நின்றுகொண்டிருந்தால் இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் ஆடவில்லை என்பதை மெக்கானிக் ஒரு நாள் அப்பாவுக்கு விளக்கினார். தென்காசி ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு வந்து பானட்டைத் திறப்பார்.

"ஒண்ணாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் சேந்து மேல வரும் அண்ணாச்சி. ரெண்டும் அஞ்சும் ஒரு ஜோடி, மூணும் நாலும் ஒரு ஜோடி. ஒரு ஜோடி இழுக்கிற இழுப்ப மத்த ஜோடி வாங்கிக்கிடும். பொறவு எப்படி ஆடும்?"

சிலிண்டரில் நெருப்புப் பிடிக்கிற வரிசை மட்டும் வேறு என்றார். ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. மறுநாளிலிருந்து தெருவில் பாண்டி ஆடும்போது அந்த வரிசையில்தான் கட்டம் தாண்டுவேன் என்று அடம்பிடித்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லை.

"எல்லாஞ் சரி மாப்ள, இது குடிக்கிற பெட்ரோலுக்கு எம்புட்டு வைப்பே? ஒரு டீசல் இஞ்சினப் போட்டுத் தொலையேன்" என்பார் அப்பா. காரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமா சிரிப்பாரே தவிர பதில் சொல்லமாட்டார்.

பதில் என்ன என்பதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அன்று யாரும் சொல்லவில்லை. மாமாவின் மனைவியான என் அத்தைக்கு அதற்கு முன்னால் இரண்டு முறை வயிற்றில் வந்தது தங்கவில்லை. இரண்டாவது முறை, பஸ்ஸில் ஊருக்குப் போய்வந்த மறுநாளே அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது உண்டானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா, படுத்தே இருக்க வேண்டும், குலுக்கல் ஆகவே ஆகாது என்று சொல்லியிருந்தார். மாதாமாதம் நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார். வலி எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அலுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். அந்த ஒரு தடவைக்காகத்தான் மாமா கப்பலை வாங்கினார்.

அத்தைக்குப் பாப்பா பிறக்கப்போகிறது என்று எனக்கும் தெரியும். வயிறுதான் தெரிகிறதே. கண் பட்டுவிடும் என்று யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், வளையல் அடுக்குவதைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அதற்கும் என் சொம்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? மாமாவுக்குக் கார்ப் பைத்தியம், எனக்குப் பால்கோவாப் பைத்தியம், இரண்டும் ஒத்துப்போகின்றன என்றுதான் நினைத்தேன்.

பைத்தியம் நாளுக்கு நாள் முற்றியது. பின்சீட்டைக் கிழித்துத் தேங்காய் நாரை எடுத்துவிட்டு நல்ல பஞ்சாக வாங்கி அடைத்தார். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார், பிறகு ஏற்றிப் பார்த்தார். கண்மாய்க்கரை வளைவில் சொம்பு சிந்தியது என்று நான் சொன்னால், திரும்பி வரும்போது இறங்கி அந்தப் பள்ளத்தைக் காலாலேயே அளந்து பார்ப்பார். கடைசியில் ஒரு நாள் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணும் கல்லும் போட்டு அதை மூடினார். சர்க்கார் ரோட்டைச் சொந்தச் செலவில் சரிசெய்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

"ஏலே, ரோடு குலுக்குனா இஞ்சின் என்னலே செய்யும்?" என்று அம்மா கேட்டாள்.

"ரோடு ஒரு பக்கம் குலுக்கட்டும்க்கா. இஞ்சினும் சேந்து குலுக்கணுமாக்கும்?" என்றார் மாமா.

நானும் வேலையில் தேறிவிட்டேன். மேடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வது, பள்ளம் வந்தால் முழங்காலைத் தளர்த்துவது என்று எனக்கென்று சில வித்தைகள் இருந்தன. ஒரு கட்டத்தில் தண்ணீர் சிந்துவதே இல்லை. மாமா பாராட்டுவார் என்று பார்த்தால் கோபித்துக்கொண்டார்.

"நீ எதுக்குட்டி வளையுற? சிவனேன்னு உக்காரு. வண்டி சிந்துதான்னு நான் பாக்கணும்."

கெட்டிக்காரியாக இருந்ததற்காக நான் வாங்கிய முதல் திட்டு அது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பி வரும்போது பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள். இஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டிருந்தது. ஒட்டவைத்தாலும் நிற்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அத்தைக்கு அப்போது ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. டீசல் இஞ்சின் ஒன்று தயாராகக் கிடக்கிறது, நாளைக்கே போட்டுவிடலாம் என்றார் அப்பா. இல்லாவிட்டால் பேசாமல் டாக்சி பிடித்துக்கொள் என்றார். மாமா, அத்தான் என்றும் பாராமல் கத்தினார்.

"அந்தக் கிடுகிடுப்புல அவள ஏத்தச் சொல்லுதியளா? இன்னொரு தடவ என்னால ஏலாது அத்தான். அவளால சுத்தமா ஏலாது."

சொல்லிவிட்டு மாமா அழுதார். பெரிய ஆம்பிளை ஒருத்தர், காரில் ஒரு இரும்பு உடைந்ததற்காக இப்படி அழுவதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக்தான் வழி சொன்னார். அந்தக் கம்பெனிக்காரன் இந்த இஞ்சினைப் பல வருஷங்களாக விதம்விதமாகச் செய்தவனாம். முதலில் சின்னதாகப் போட்டான், பிறகு சிலிண்டரை அகலப்படுத்தினான். பழசில் எண்ணெயைக் கரண்டியால் கோரித் தெளிக்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. பிந்தி வந்ததில் பம்ப் வைத்து எல்லாப் பேரிங்குக்கும் எண்ணெய் ஏற்றினான். நம் கப்பலில் இருப்பது பிந்தியது. அதையே இன்னும் பெரிதாக்கி லாரிக்கும் ஒன்று போட்டான்.

"எல்லாம் ஒரு தாய் புள்ளைக அண்ணாச்சி. மூத்தவ சட்ட இளையவளுக்குச் சேரும். அங்கங்க புடிச்சுத் தைக்கணும், அம்புட்டுதான்."

மூத்தவள் தேவதானத்தில் இருந்தாள். பழைய லாரியிலிருந்து கழற்றிய இஞ்சினை ஒரு தோப்புக்காரர் தென்னைக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்தாராம். கரண்டு மோட்டார் வந்த பிறகு அது கிணற்றோரம் சும்மாதான் கிடக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அதன் மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாமா தோப்புக்காரரிடம் விலை பேசவில்லை. விஷயத்தை மட்டும் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அந்தப் பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கழத்திட்டுப் போங்கய்யா. புள்ளையத் தூக்கிட்டு வந்து ஒரு நா எங்க தோப்பக் காட்டுங்க" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அதிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த லாரி ஹெட்டில் தண்ணீர் ஓடுவதற்குச் சில ஓட்டைகள் கூடுதலாக இருந்தன. கார் இஞ்சினில் அவற்றுக்கு ஜோடி இல்லை. மெக்கானிக் ஒவ்வொன்றையும் பித்தளைத் திருகு வைத்து அடைத்தார். அந்த வாரம் அவர் சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. மாமா கடையைப் பூட்டிவிட்டுப் பட்டறையிலேயே கிடந்தார். இஞ்சின் ஓடத் தொடங்கிய அன்று, நான் வளையாமல், நெளியாமல், சிவனே என்று உட்கார்ந்து சொம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மாமா அந்தச் சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று தானே குடித்துவிட்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் வாசலில் வந்து நின்றது. நான் சொம்பை நிறைத்துக்கொண்டு ஓடினேன். என் இடத்தில் அத்தையை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்துக்கு ஒரு தலையணை. அம்மா இந்தப் பக்கம் ஏறிக்கொண்டாள். எனக்கு இடமில்லை என்றார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வேலையைத் தெரியாதவர்களிடம் ஒப்படைக்கும்போது நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதானே முறை? ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அத்தை, மடியில இருக்கது சிந்தாமப் பாத்துக்கிடுங்க. மேடு வந்தா மூச்சப் புடிச்சுக்கிடணும். நான் எத்தன தடவ கொண்டுபோயிருக்கேன், ஒண்ணும் ஆகாது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தை என் கன்னத்தை இழுத்து, வலிக்கிற மாதிரி முத்தம் கொடுத்தாள். அவள் முகம் ஈரமாக இருந்தது. மாமா திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, சொம்போடு வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

கப்பல் சத்தமில்லாமல் போனது. அந்த வாரமே பையன் பிறந்தான். நல்ல கனம், நல்ல குரல். அதே காரில் அதே இடத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தாள். தெருவே கூடி நின்று ஆலம் சுற்றியது. காருக்கும் சேர்த்துச் சுற்றினார்கள்.

அதன் பிறகு மாமா செய்த காரியத்தைத்தான் என்னால் வெகுநாள் மன்னிக்க முடியவில்லை. பையன் குப்புற விழுவதற்கு முன்னால், மாமா ஆறு சிலிண்டரைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சினைப் போடச் சொல்லிவிட்டார். நான் பட்டறைக்குப் போனபோது என் இஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே புது இஞ்சின். நாலே நாலு சிலிண்டர். நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேலை எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று சொன்னது அப்பாதான்.

"இனிமே எதுக்கு மாப்ள? அது பாட்டுக்கு ஓடட்டுமே. செலவ நான் தாரேன்."

"இனிமே குலுங்குனா குலுங்கட்டும் அத்தான்" என்றார் மாமா. இஞ்சினைத் தேவதானத்துப் பெரியவருக்கே கொடுத்துவிட்டார். கரண்டு இல்லாத நாளில் அது தென்னைக்குத் தண்ணீர் இறைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

டீசல் போட்ட கப்பலில் முதன்முதலாக எல்லோரும் ஏறிய அன்று, நானும் சொம்போடு ஏறினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் நிறைத்துக் கொண்டுவந்தேன். மாமாவுக்குப் புத்தி வரவேண்டாமா? சாவியைத் திருப்பியதும் கார் கிடுகிடுவென்று ஆடியது. கதவு ஆடியது, கண்ணாடி ஆடியது, என் பல் ஆடியது. காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த பையன், அத்தையின் மடியில் அந்தக் குலுக்கலில் சொக்கித் தூங்கிப்போனான். தெருமுனை தாண்டுவதற்குள் பாதிச் சொம்பு என் பாவாடையில்.

"பாத்தியளா? பாத்தியளா மாமா? எம்புட்டு சிந்திருக்குன்னு பாருங்க!" என்று நனைந்த பாவாடையைத் தூக்கிக் காட்டினேன்.

மாமா காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அத்தையும் சேர்ந்து சிரித்தாள், பையன் விழித்துவிடக் கூடாதே என்று அவன் காதைப் பொத்திக்கொண்டு. அன்றைக்கும் எனக்குப் பால்கோவா வாங்கித் தந்தார்கள், வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாக. நான் ஈரப் பாவாடையோடு அதைத் தின்றுகொண்டே, இந்த மாமாவுக்கு இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று முடிவுகட்டினேன்.