சூடானால் திரும்ப இயங்காத எஞ்சினும் பிலோமினா அக்காவும்

நானாட்டானில் நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் தொலைபேசி அடிப்பது கேட்காது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோதுதான் மெறின் பலமுறை அழைத்திருப்பதைக் கண்டேன். பிலோமினா அக்காவின் மகள். திருப்பி எடுத்தேன்.

"அன்ரி, அம்மா காலமை போயிட்டா."

அழவில்லை. "வாறியளோ?" என்று மட்டும் கேட்டாள். "வாறன் பிள்ளை" என்றேன். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்த சாவு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரான பள்ளிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அது பிழை என்று தெரிந்தது.

உங்களில் பலருக்கு அக்காவைக் கோயிலில் தெரியும். பாட்டுக்குழுவில் எல்லோருக்கும் முன்னால் ஒரு அடி எடுத்துவிடும் அந்தக் குரலைத் தெரியும். எனக்கு அவரைக் கடலில் தெரியும். அவருடைய கணவர் சேவியர் அண்ணன் பாரிசவாதத்தில் விழுந்த பிறகு அண்ணனின் போட் கவிழ்த்தபடி மணலில் கிடந்தது. அக்கா ஒரு நாள் என் வீட்டு வேலிப் படலையில் வந்து நின்று, "போட் கிடக்கு, வலை கிடக்கு. நீ வாறியெண்டா நானும் போறன்" என்றார். அப்படித்தான் நாங்கள் இரண்டு பெண்கள் நண்டு வலை போடத் தொடங்கினோம். துடுப்புத் தண்டு வலித்துத்தான் போனோம். காற்று எதிராக எழும்பினால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். அதனால்தான் அக்கா அரிப்பு என்ற ஊரில் ஒருவரிடம் அந்தப் பாவித்த பழைய எஞ்சினை வாங்கினார். சின்னது, எட்டுக் குதிரைவலு.

விற்றவர் ஒரு தண்ணீர்ப் பீப்பாவில் அதை இறக்கி, கயிற்றை ஒரு தரம் இழுத்தார். உடனே பிடித்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோசமாக அவர் சிரித்ததைப் பிறகு நான் காணவில்லை.

முதல் நாளே கடலில் அது தன் குணத்தைக் காட்டியது. கடலில் போட்ட வலையை இழுத்து வாங்குவதற்காக எஞ்சினை நிற்பாட்டினோம். வாங்கி முடித்து எஞ்சின் கயிற்றை இழுத்தால் சத்தமில்லை. நான் இழுத்தேன், அக்கா இழுத்தார், உள்ளங்கை கொப்பளித்தது. அக்கா பதறவில்லை. எண்ணெய்த் தாங்கியின் காற்று மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்திருந்தது. எண்ணெய் வரும் குழாயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, எஞ்சினின் இரும்பில் தொட வைத்து, வெயில் படாமல் தொப்பியால் மறைத்துக்கொண்டு, "இப்ப இழு" என்றார். பொறி வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்போதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சரி, இது இல்லை." எஞ்சின் ஆறும் வரை சும்மா இருந்துவிட்டுத் திரும்ப இழுத்தபோது ஒன்றும் நடக்காதது போலப் பிடித்தது.

கரையில் அதற்கு ஒரு நோயும் இல்லை. மெக்கானிக் அன்ரன் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினான், புதுப் பிளக் போட்டான், ஒரே இழுவையில் இயக்கிக் காட்டினான். "இதில ஒரு பிழையும் இல்லை அக்கா. நீங்கள் இழுக்கிற இழுவை காணாது" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப எங்களோட வந்து கடலில இழுத்துக் காட்டும் தம்பி."

அவன் வந்தான். வலை வாங்கிய பிறகு சேட்டு நனைந்து முதுகில் ஒட்டும் வரை இழுத்தான். பிறகு போட்டின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "கொயில் அக்கா, பிளக்குக்குப் பொறி குடுக்கிற சாமான். குளிரில வேலை செய்யுது, சூடேறினாச் செத்துப்போகுது" என்றான். "இழுவை காணாது எண்டது என்ர பிழை" என்றும் சொன்னான். நல்ல பிள்ளை. அந்தப் பழைய மொடலுக்குப் புதுக் கொயில் எங்கும் கிடைக்கவில்லை. செத்துப்போன இன்னொரு எஞ்சினிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டான். சில கிழமைகள் ஓடியது. நாங்கள் தப்பிவிட்டோம் என்றே நினைத்தோம். பிறகு அதுவும் அதே மாதிரிச் சூட்டில் செத்தது. அதற்குப் பிறகு அன்ரன் எங்களைத் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளுவான்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சினை நிற்பாட்டாமலே வலை வாங்குவது. எண்ணெய் வீணாகப் போனாலும் கரைக்குத் திரும்ப முடிந்தது. ஒரு வாடைக்காலத்து நாள், வலைக்கயிறு போய்த் தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் காற்றாடியில் சுற்றியது. எஞ்சின் நின்றது. கயிற்றை அறுத்து எடுத்தோம். இழுத்தோம். காற்று கரையிலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. நங்கூரம் பிடிக்கவில்லை. தண்டு வலித்தும் கரை பின்னுக்குப் போனது. எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து இழுத்தபோதும் அது பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நான் விம்மத் தொடங்கினேன்.

அக்கா என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கீழே விட்டார். "பயப்பிடாதை எண்டு சொல்லமாட்டன். எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றார்.

நான் கேட்டிருந்த எந்த ஆறுதலை விடவும் அது என்னைத் தாங்கியது. அரிப்புப் பக்கம் போன ஒரு போட் எங்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. வலைகளை விட்டுவிட்டுத்தான் வந்தோம். அடுத்த நாள் போய்த் தேடினோம், இல்லை.

வலை போன பிறகு எஞ்சினை விற்கத்தான் வேண்டியிருந்தது. வாங்க ஒருவர் வந்தார், ஊருக்குப் புதியவர். மெறின் பீப்பாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். ஒரே இழுவை, பிடித்தது. அவருடைய முகம் மலர்ந்ததைக் கண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"தம்பி, இது சூடான பிறகு திரும்பப் பிடியாது. கடலில நிண்டா நிண்டதுதான்," என்றார் அக்கா.

வாங்க வந்தவர் எஞ்சினைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போய்விட்டார். மெறின் தாயோடு அன்று கத்திச் சண்டை பிடித்தாள். "எங்களுக்கு வித்தவன் சொன்னவனோ?" என்று கேட்டாள். "இல்லை. சொல்லாட்டி என்ன நடக்கும் எண்டு அதாலதான் எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. பிறகு யாரும் வாங்க வரவில்லை.

அதன் பின் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. நான் நானாட்டானுக்கு ஆலை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். அக்கா மற்றவர்களின் வலையில் கூலிக்கு நண்டு கழற்றப் போனார். வயிற்று வலி என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கடைசியாகப் போனபோது அந்தக் குரல் காற்றாகப் போயிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சுகம் வரும் என்று சொல்லிப் போனதாகச் சொன்னார். "நீயும் சொல்லிப்போடாதை. எனக்குக் கேக்க ஏலாது." சேவியர் அண்ணன் பக்கத்துக் கதிரையில் வாய் கோணியபடி அழுதுகொண்டிருந்தார். அவரை இனி யார் பார்ப்பது என்று அக்கா கேட்கவில்லை.

அடக்கம் முடிந்தது. தகப்பனைக் குளிப்பாட்டவும் வேலைக்குப் போகவும் மெறின் ஒருத்திதான். எஞ்சினைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. போன ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது மெறின் அடுப்படியில் இருந்து, "இனி என்னெண்டு அன்ரி நான் இதெல்லாம் கொண்டுபோறது?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை பிள்ளை," என்றேன். நான் திரும்பிப் போகவேண்டிய கடைசி பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை.