அஞ்சலை அக்காவிடம் சொல்லாமல் விட்டது

அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஒரு புல் வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். காலை எட்டு மணி இருக்கும். நகராண்மைக்குப் புல் வெட்டும் குத்தகைக்காரர் மாறிவிட்டார். எங்கள் தாமான் குடியிருப்பின் கால்வாய்க் கரையை மட்டும் தொடக்கூடாது என்று புது ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. "இங்கே வெட்டாதே, விதை இன்னும் விழவில்லை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் நான் கத்த, அந்தத் தொழிலாளி இயந்திரத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அக்காவின் மகள் கோமதி. "அங்கிள், அம்மா போய்ட்டாங்க. அஞ்சரைக்கு" என்றாள். என் முகத்தைப் பார்த்து அந்த மனிதர் தானாகவே இயந்திரத்தை நிறுத்தினார்.

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் உங்கள் எல்லோர் கையிலும் இந்தத் தாள் இருக்கும். குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கோமதி கேட்டாள். நல்லதை எழுதுகிறேன். அதோடு, அக்கா உயிரோடு இருந்தபோது அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. அதையும் இங்கேதான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சிகாமட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தடித்தவர். களைக்கொல்லியை முதுகில் சுமந்து, மரத்துக்கு மரம் நடந்து, பச்சையாக எது தலை தூக்கினாலும் கொல்வதுதான் வேலை. ஓய்வுபெற்று உலு திராமில் நம் தாமானிலுள்ள மகள் வீட்டுக்கு வந்தபின், சங்கக் கூட்டத்தில் முதன்முதலாக எழுந்து அவர் கேட்ட கேள்வியே என்னைக் கடுப்பேற்றியது. "ஏன் சார், அந்தக் கால்வாய்க் கரைய மாசாமாசம் வெட்டி, மருந்தும் அடிச்சிக் கொல்றீங்க? அது உங்களுக்கு என்னா செஞ்சுச்சு?" இந்த மண்ணின் பூச்செடிகளை அங்கே வளர்க்க வேண்டும் என்றார். சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டேன். "முப்பது வருசமா நான் பாத்த பூவெல்லாம் நான் கொன்ன பூவுதான், செயலாளரு. ஒரு தடவையாச்சும் அதுங்க என் கண்ணு முன்னால விதை வைக்கட்டும்" என்றார். நான் நகராண்மைக்கு எழுதினேன். ஒரு வருஷம் விட்டுப் பார்க்கிறோம், அதன்பின் அதிகாரி வந்து பார்ப்பார், திருப்தியில்லை என்றால் பழையபடி வெட்டும் மருந்தும்தான் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பூந்தோட்டம் என்றால் நல்ல மண் கொட்டி, உரம் போட்டு, விதை தூவுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லோருக்கும் முந்தி நர்சரிக்குப் போய் செவ்வந்தி விதை வாங்கி வந்தேன். அக்கா பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையிலேயே போட்டார். "இது சாமிக்கு வாங்குற பூ. வீட்டுல வச்சுக்க." அவர் செய்தது நேர்மாறு. சங்குல் மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வைத்தார். லாலாங் புல்லின் வேரைக் கையாலேயே தோண்டி எடுக்க இரண்டு மாதம் ஆனது. உரம் கூடவே கூடாது என்றார். "சோறு போட்டா புல்லுதான் முந்திக்கிட்டுத் திங்கும். பூவு பட்டினிலதான் நிமிரும்." வீடு கட்ட அழிக்கப்போகும் பழைய தோட்டத்து ஓரங்களில் அலைந்து ஊதாப் பூ செண்டுடுக், முயல்செவி, கானாவாழை, தரை ஆர்க்கிட் என்று விதையும் கிழங்கும் சேர்த்து, விதையை மணலோடு கலந்து தூவினார். முளைத்தபோது எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. அக்காவோ குந்தி உட்கார்ந்து, இரண்டு இலைப் பருவத்திலேயே இன்னார் என்று சொல்லிவிடுவார். கொல்வதற்காகக் கற்ற கல்விதான் அது.

தொட்டாற்சிணுங்கியைக் கண்டால் மட்டும் இரக்கமே கிடையாது. அது வேறு கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று பிடுங்கி எறிவார். "நாமளும் கப்பல்ல வந்தவங்கதானேக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன். நிமிர்ந்து பார்த்தார். "வந்தோம். வந்து அடுத்தவன் மேல படர்ந்து மூடிக்கிட்டா படுத்தோம்? பேசாம பிடுங்கு லா" என்றார்.

சுப்பையா அண்ணனை உங்களுக்குத் தெரியும். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், கரையை ஒட்டிய கடைசி வீடு. அவர் வீட்டு முன்கூடத்தில் ஒரு நாகம் வந்து படுத்திருந்த பிறகு, கரையை வெட்டச் சொல்லி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார். தவறில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் கோபத்தில் மேசையைத் தட்டி, "நீங்க வெட்டலன்னா நானே மருந்து வாங்கி அடிச்சிடுவேன்" என்றும் சொல்லிவிட்டார். ஐம்பது பேர் கேட்டோம்.

இனி என் கதை. அதிகாரி வர மூன்று வாரம் இருந்தது. கரையில் பச்சை நிறைய, பூ கொஞ்சம்தான். அக்கா அசையவில்லை, "அதுக்குத் தெரியும் எப்ப பூக்கணும்னு" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவன், குறித்த நாளில் சரக்கு வரவில்லை என்றால் தூக்கம் வராது. அக்கா சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போயிருந்த ஒரு காலையில், கோயில் சாமான் அறையிலிருந்து மருந்தடிக்கும் பம்பை எடுத்துவந்தேன். இரண்டு முறை தண்ணீரில் அலசினேன். மீன் கழிவில் செய்த உரத்தைக் கரைத்து, கரையின் நடுப்பகுதி முழுக்க அடித்தேன். யாரும் பார்க்கவில்லை. அக்கா வரும்போது திடீரென்று பூத்துக் கிடக்கும், அசந்துபோவார் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

நாலாம் நாள் அக்கா என்னை அழைத்தார். போனபோது நடுப்பகுதியில் குந்தியிருந்தார். செடிகளின் தண்டு வளைந்து, இலைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. "வெயில் போலக்கா" என்றேன். "வெயிலடிச்சா புல்லும் காயும். நோவுன்னா அங்க ஒன்னு இங்க ஒன்னு சாவும். பூச்செடி மட்டும் முறுக்கிக்கிட்டுச் செத்து, புல்லு சிரிச்சிக்கிட்டு நிக்குது பாரு. இது மருந்து. இத நான் எத்தன ஏக்கர் அடிச்சிருக்கேன். பம்புல ஒரு மூடி மிச்சம் இருந்தாலே போதும், தண்ணி ஊத்திக் கழுவுனாலும் போகாது" என்றார். கோயில் சுற்றுப்புறத்தில் களைக்கு அடித்த அதே பம்புதான் அது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அக்கா என்னைப் பார்க்கவில்லை. கடைசி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நேராக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, வெளிய வாங்க!" என்று கேட்டைத் தட்டினார். சுப்பையா அண்ணன் பனியனோடு வந்தார்.

"நடுக்கரையில மருந்தடிச்சீங்களா?"

"நானா? இல்லையே."

"அடிப்பேன்னு ஊருக்கு முன்னால சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். அடிக்கல, ம்மா. என் பேரப்பிள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியத்துக்குப் பிள்ளைங்கள இழுக்காதீங்க. இனிமே என் வாசல மிதிக்காதீங்க, நானும் உங்க வாசல மிதிக்கல."

அண்ணன் என்னைப் பார்த்தார். "செயலாளரே, நீங்க சொல்லுங்க. நான் அப்படிப்பட்ட ஆளா?"

அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் போதும். என் வாயில் வந்தது வேறு. "விசாரிச்சுப் பாப்போம், அண்ணே" என்றேன்.

திரும்பி வரும் வழியில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நீ ஒருத்தன்தான்டா கடைசி வரைக்கும் என் பக்கம் நிக்கிறே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். நான் மெதுவாக அவரை வீடுவரை நடத்திக்கொண்டு போனேன்.

மிச்சமிருந்த நாட்களில் அக்கா செத்த செடிகளை வேரோடு அள்ளினார், அடர்ந்த ஓரங்களிலிருந்து மண்ணோடு பெயர்த்து நடுவில் நட்டார். சுத்திகரிப்பு முடிந்து வந்த அன்றும் மண்ணில் உட்கார்ந்தார். நான் கூடவே தோண்டினேன், தண்ணீர் ஊற்றினேன், தினமும் இன்று சொல்லிவிடுவேன் என்று வந்து சொல்லாமல் போனேன். தாமானில் பேச்சு பரவியது. சுப்பையா அண்ணன் மருந்து வைத்துக் கொன்றார் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது.

அதிகாரி வந்த அன்று கரையின் இரு பக்கமும் பூத்திருந்தன. பெயர்த்து நட்டவை பிடிக்காமல், நடுவில் மட்டும் சொட்டையாக ஒரு பெரிய இடம். இருபது பேர் கூடியிருந்தோம், சுப்பையா அண்ணனும் தள்ளி நின்றார். அதிகாரி தேங்கிய தண்ணீர் எங்காவது இருக்கிறதா, கொசு வருமா என்று பார்த்துக்கொண்டே வந்து சொட்டை இடத்தில் நின்றார். இங்கே என்ன நடந்தது, குடியிருப்பாளர்களுக்குள் தகராறு என்று கேள்விப்பட்டேனே, தகராறு என்றால் அனுமதி தொடராது என்று மலாயில் சொன்னார். எல்லோர் கண்ணும் அண்ணன் பக்கம் போனது.

"சாலா சாயா, என்சிக்" என்றார் அக்கா. என் தப்பு, ஐயா, என்று பொருள். தோட்டத்தில் மருந்தடித்த பழக்கத்தில் களைக்கு என்று நானே அடித்துவிட்டேன், அளவு தெரியாமல் போய்விட்டது, இங்கே யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை என்றார். முப்பது வருஷம் அளவு தவறாத அந்தக் கையை அதிகாரி முன் நீட்டிக்கொண்டே சொன்னார். அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். கரை நிலைத்தது. இனி வருஷத்துக்கு இரண்டே வெட்டு, அதுவும் விதை விழுந்த பின், நாம் சொல்லும் நாளில்.

அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "அந்த மனுசனுக்காகச் சொல்லல. செடிக்காகச் சொன்னேன்." நிரபராதியைக் குற்றவாளி என்று நம்பி, அவர் பெயரும் வராதபடி பொய் சொல்லி, கரையைக் காப்பாற்றினார். குற்றவாளி பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

போன மாதம் ஜொகூர் பாரு மருத்துவமனையில் பார்த்தபோது முதல் கேள்வியே "விதை கொட்டிருச்சா?" என்பதுதான். இன்னும் இல்லை என்றேன். "கொட்டுற வரைக்கும் எவனையும் உள்ள விடாத. வெட்டுனத அள்ளி வெளிய போட்டுரு, அங்கயே மக்க விட்டா மண்ணு கொழுத்துரும்." இன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் போயிருந்தேன். "அக்கா, சுப்பையா அண்ணன் விசயமா ஒன்னு..." என்று தொடங்கினேன். "அந்தப் பேர எடுக்காத. நான் செத்தாலும் அந்தாளு என் வாசலுக்கு வரக்கூடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோயாளிக்குப் படபடப்பு வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்காவின் உடல் வீட்டுக்கு வந்ததிலிருந்து எடுக்கும்வரை சுப்பையா அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் வெயிலில் நின்றார். சாலையைத் தாண்டவில்லை. செத்தவர் சொல்லுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. நம்மில் சிலர் அவரைக் கண்டு முகம் திருப்பியதையும் பார்த்தேன். ஆகவே பெயரோடு எழுதுகிறேன்: அந்தக் கரையில் மருந்தடித்தது சுப்பையா அல்ல. நான்.

அச்சுக்குக் கொடுக்குமுன், இதுவரை எழுதியதை அண்ணன் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்று அவர் வாசலில் நடந்த பேச்சை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"போடு. ஒரு எழுத்தும் மாத்தாத" என்றார். வாசல்வரை கூட வந்து, "ஊரு என்னா நெனச்சா எனக்கென்னா, தம்பி. நான் அடிக்கலன்னு அந்தம்மா ஒருத்திக்குத் தெரிஞ்சிருந்தா போதும். இனிமே அத யாருகிட்ட போயி சொல்றது?" என்றார்.

அக்காவின் பூக்கள் தாமானுக்குச் சொந்தம், அவருடைய அறிவு யார் போய்க் கரையில் குந்தினாலும் கிடைக்கும். எனக்கென்று தனியாக அவர் கொடுத்துப்போனது, அன்று என் தோளைப் பிடித்த கையின் நம்பிக்கை ஒன்றுதான். அது ஆள் மாறி என்னிடம் வந்தது. திருப்பிக் கொடுக்க அவர் இல்லை, நான்தான் வைத்திருக்கிறேன்.