மொட்டைமாடியில் மீன் அமிலம்

வீட்டுத்தோட்டம் போட்டவர்கள் எல்லோரும் மண்வாசனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் தோட்டம் நாறியது. முதலில் சாணி, பிறகு ஊறிய கடலைப்புண்ணாக்கு, கடைசியில் மீன். இதில் மண்வாசனை எங்கே வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்போது எனக்கு மசக்கை. சும்மா காலையில் எழுந்ததும் ஒருமுறை குமட்டிவிட்டுப் போகிற மசக்கை இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் வாந்தி, பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் வாந்தி, பல் துலக்கினால் வாந்தி. என் கணவர் பக்கத்தில் வந்து நின்றாலே அவருடைய சோப்பும் கம்பெனி கிரீஸும் கலந்த வாடையில் வயிற்றைப் புரட்டும். அவர் சோப்பை மாற்றினார். புதுச் சோப்பு அதைவிட மோசமாக இருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது இருக்கவில்லை. போன வருடம் உண்டானது தங்கவில்லை. இந்த முறை மாதம் ஏற ஏற என் எடை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா எடை மிஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எதையாவது சாப்பிட்டு உள்ள நிறுத்தப் பாரும்மா. அடுத்த தடவையும் ஏறலீன்னா அட்மிட் பண்ணிடலாம்." ஏதாவது ஒன்று உள்ளே நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும் என்று எனக்குப் பயம். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் கடைக் கொத்தமல்லியை மோந்து பார்த்து, "மருந்து வாசம் அடிக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். கோயமுத்தூர்க்காரர்களிடம் எதிலும் ஒரு குறையைச் சொல்லக் கூடாது. உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடுவார்கள். என் கணவருக்கு பம்ப் கம்பெனியில் வேலை. தயாராகி வருகிற பம்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் அவர் பொறுப்பு.

"மருந்தடிக்காத காய் நம்மளே வெளைய வெச்சுக்கலாம் கண்ணு. நீ பாரு," என்றார்.

போத்தனூரில் நாங்கள் இருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள். தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுகிற குடும்பம், முட்டையைக்கூட வீட்டுக்குள் சேர்க்காதவர்கள். எங்களைக் குடிவைக்கும்போதே அந்த அம்மா சிரித்த முகமாகச் சொல்லியிருந்தார்: "நீங்க வேதக் கோயிலுக்குப் போறது, பாட்டுப் பாடறது, எல்லாம் உங்க இஷ்டமுங்க. கறி மீனு மட்டும் ஊட்டுல சமைக்க வேண்டாமுங்க." நாங்களும் சரி என்றோம். ஆசை வந்தால் உக்கடம் பக்கம் போய் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவோம்.

மொட்டைமாடியில் குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பைகள் வந்து உட்கார்ந்தன. தேங்காய் நார்த்தூள், செம்மண், சாணி மூன்றையும் வெறும் கையால் பிசைந்துவிட்டு, அதே கையோடு வந்து "தண்ணி வேணுமா கண்ணு" என்பார். தக்காளி, கத்தரி, வெண்டை, சிறுகீரை என்று விதை ஊன்றினார். கம்பெனியில் கழித்துப்போட்ட குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து சொட்டுநீர் ஏற்பாடு செய்தார். செடி முளைப்பதற்கு முன்பே குழாய் ஒழுகாமல் இருக்கிறதா என்று பலமுறை பார்த்தாகிவிட்டது.

முளைத்ததும் புழு பூச்சியெல்லாம் குடிவந்தன. கீரை இலைக்கு அடியில் வழுவழுவென்று ஓடில்லாத நத்தைகள். நடந்த இடமெல்லாம் சளி இழுத்த மாதிரி பளபளப்பு. கத்தரியில் மாவுப்பூச்சி, விரல் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். வெண்டைக்குள் வெள்ளைப் புழு. இதையெல்லாம் அவர் செல்போனில் படமெடுத்து, பெரிதாக்கி, நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து காட்டுவார். கஞ்சி போன வழியே திரும்பி வரும். ஒரு மனிதனுக்கு இவ்வளவு கூடவா தெரியாது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்புறம் தக்காளி பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. மீன் அமிலம் தெளித்தால் பூ நிற்கும் என்று எந்த வீடியோவிலோ பார்த்துவிட்டார். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு மூடி அழுகவிட வேண்டும், வடிகிற சாற்றைத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். உக்கடம் மீன் மார்க்கெட்டில் குடலும் செவுளுமாக ஒரு பை வாங்கி, வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, வீட்டுக்காரர்கள் தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து வைத்தார்.

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க. நாம சமைக்கலியே," என்றார்.

தினமும் டிரம்மின் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டுமாம். மறுநாள் ஒரே ஒருமுறை தளர்த்தினார். நான் கீழே எங்கள் சமையலறையில் இருந்தேன். மாடிப்படி வழியாக இறங்கி வந்த அந்த வாடை அடிவயிறு வரைக்கும் போய்ப் பிடுங்கியது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, வெறும் பித்தமாக வாந்தியெடுத்து, கண்ணில் தண்ணீர் ஓட நின்றேன். அவர் ஓடி வந்து என்னைப் பார்த்தார். திரும்பி மேலே ஓடி மூடியை இறுக்கினார்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து ரப்பர் வாஷரும் இரும்புக் கிளாம்ப்பும் கொண்டுவந்தார். மூடியைச் சுற்றி வாஷர் கொடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று உட்கார்ந்து பார்த்தார். ஒரு குமிழ்கூட வரவில்லை. "இனி பொட்டுக் காத்து வெளிய வராது கண்ணு. நீ நிம்மதியாச் சாப்புடு," என்றார். அத்தனை பெருமை முகத்தில். வெளியே வராத காற்று உள்ளே என்ன செய்யும் என்று, நாளெல்லாம் பம்பில் அழுத்தம் பார்க்கிறவருக்குத் தோன்றவில்லை. எனக்கு வாடை வரவில்லை, அதோடு நானும் விட்டுவிட்டேன்.

நல்ல வெயில் காலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து நான் படுத்திருந்தேன். அவர் மேலே நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஏறி ஓடினேன்.

மூடி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் கிடந்தது. சுவரெல்லாம் பழுப்புக் குழம்பு. கொடியில் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் குடலும் செதிலும் ஒட்டி வழிந்தது. நடுவில் இவர். தலை, காது, சட்டை, மீசை எல்லாம் மீன். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. ஈக்கள் அதற்குள் வந்துவிட்டன.

வீட்டுக்கார அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். வேட்டிகளைப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஏனுங் அம்மணி, சமைக்கத்தானுங்க வேண்டாம்னு சொன்னோம். இப்படி அழுக வெப்பீங்கன்னு எங்களுக்குத் தோணலீங்க," என்றார். "கழுவிப்போட்டுக் கீழ வாங்க. அவரு பேசோணும்கறாரு."

அந்த அம்மா இறங்கினதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களை யாருங்க தோட்டம் கேட்டது? புழுவும் சாணியும் மீனும்... இதுல ஒரு காயாச்சும் காச்சுதா? ஒருவேளைச் சோறு உள்ள நின்னுச்சா? இப்ப ஊடும் போச்சு. வாந்தியெடுத்துச் சாகற பொம்பளைக்கு இதுதான் வைத்தியமா?"

அவர் சுவர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

"போன தடவ உனக்கு முடியலீன்னு போன் பண்ணுனே. நான் லோடு ஏத்தி உட்டுட்டு வாரேன்னேன். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல சும்மா உக்காந்துட்டிருந்தேன். இந்தத் தடவயும் நீ வாந்தியெடுக்கறப்ப நான் சும்மாதான் நிக்கறேன். பக்கத்துல வரக்கூட முடியல. கைக்கு ஏதாச்சும் வேலை வேணும் கண்ணு. அதான்."

அவர் அந்த வருடத்தைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. என்னைவிடச் சீக்கிரம் மறந்துவிட்டார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துத்தான் அவரை வெறுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து அவர் தலையில் ஊற்றினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். முடிக்குள் சிக்கிய செதில்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். காது மடிப்பில் ஏதோ கொழகொழவென்று இருந்தது, அதையும் வழித்துப் போட்டேன். எப்படி நாறியது என்று எழுதினால் படிக்கிறவர்கள் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். இரண்டுமுறை ஓங்கரித்தேன். "நீ போ கண்ணு, நானே கழுவிக்கறேன்," என்று அவர் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். "அசையாம இருங்க," என்று காதைப் பிடித்து இழுத்தேன்.

நான்காவது மாதம் தாண்டினால் குமட்டல் தானாக நின்றுவிடும் என்று டாக்டரம்மா பின்னால் விளக்கம் சொன்னார். சொல்லட்டும். அன்றைக்கு அந்த மாடியில், மீன் தண்ணீர் கால் நனைய ஓட, ஈ மொய்க்க, அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினேன்.

"பசிக்குதுங்க," என்றேன்.

அவர் அசையவில்லை. துண்டுக்குள்ளிருந்து, "இன்னொருக்கா சொல்லு," என்றார்.