இரண்டாவது வால்வு

எங்கள் அச்சகத்தில் அவருக்கு 'வானம்' என்று பட்டப்பெயர். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. பகலெல்லாம் குழாய் உடைந்த புகார்களைப் பதிவு செய்துவிட்டு, சாயங்காலம் வேற்றுக் கிரகத்துக்குக் கிளம்பிவிடுவார். பதினோரு நாவல்கள் எழுதினார். அத்தனைக்கும் பிழை திருத்தியவன் நான். அந்தக் கையெழுத்தைப் பார்த்தே என் கண் பாதி போயிற்று. ஆனாலும் அரைத்த மாவையே அரைக்கிற ஆள் இல்லை. ஒன்றில் சனிக்கிரகத்தில் சுரங்கம் தோண்டினார். அடுத்ததில் ஒரு ராணிக்கும் கடல்நாகத்துக்கும் வழக்கு நடத்தினார். இறந்தவர்கள் மறுபிறவிக்கு மனு கொடுக்கும் அலுவலகம் ஒன்று. அது மட்டும் அவருடைய சொந்த அலுவலகமேதான்.

எந்தக் கதையானாலும் நடுவில் ஏதோ பழுதாகி நிற்கும். குள்ளமான, முன்கோபக்கார மெக்கானிக் ஒருவர் வந்து திட்டிக்கொண்டே சரி செய்வார். அவர் வேறு யாருமில்லை, வானத்தின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். வானம் என் மேஜை போனிலிருந்துதான் அவரைக் கூப்பிடுவார்.

"அண்ணே, கப்பல் நின்னு போச்சு."

"சத்தம் வந்துட்டு நின்னுச்சா, சத்தமே இல்லாம நின்னுச்சா?"

அண்ணன் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்வார்.

ஒன்பதாவது நாவலில் அந்த மெக்கானிக்கைக் கொன்றுவிட்டார். காற்று கசியும் அறையில், அவசரத்தில் தப்பான வால்வை மூடி, மூச்சு முட்டிச் சாகிறார். நானே அழுதேன், மறைப்பானேன். அண்ணனைக் கேட்காமல் எழுதிய ஒரே பழுது அது. புத்தகத்தைப் படித்துவிட்டு அண்ணன் நேரே அச்சகத்துக்கு வந்தார்.

"செத்தா செத்துட்டு போறேன்டா. வேலை தெரியாதவனா சாகடிச்சிட்டியே!"

"கதைக்குத் தேவைப்பட்டுதுண்ணே."

"அப்ப உன் கதையையே கட்டிக்கிட்டு அழு."

அதோடு பேச்சு நின்றது. நான்கு வருடம். இரண்டு பேருக்கும் வீம்பு. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். அடுத்த இரண்டு நாவல்களில் இயந்திரமே கிடையாது.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வாய் பேச முடியாமல் போயிற்று. அப்போது ஒன்பதாவது நாவலின் மறுபதிப்பு எங்கள் அச்சில் இருந்தது. வானம் ஓடிவந்து, அதை நிறுத்தச் சொல்லி, என் மேஜையிலேயே உட்கார்ந்து மெக்கானிக் சாகும் இரண்டு பக்கங்களை மாற்றி எழுதினார். மெக்கானிக் பிழைத்துக்கொண்டார். அச்சுப்படியோடு இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். வானம் கட்டிலோரம் நின்று படித்தார். "மூன்றாவது வால்வை மூடினார்" என்ற இடத்தில் அண்ணனின் இடது கை மெல்ல மேலே வந்தது. இரண்டு விரல்.

"ரெண்டாவதாண்ணே?"

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். வானம் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே பேனாவைத் தேடினார். நான்தான் திருத்தினேன்.

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். புத்தகம் அதற்கடுத்த வாரம்தான் வந்தது.

போன மாதம் வானமும் போய்விட்டார். பன்னிரண்டாவது நாவல் என்னிடம் இருக்கிறது. ஏழாவது அத்தியாயத்தில் கப்பல் நிற்கிறது. அதன் பிறகு ஆறு வருடமாக ஒரு வரிகூட இல்லை. ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏதாவது ஒரு வால்வை மூடித் தொலைங்க சார். எவன் வந்து பாக்கப்போறான்?"

அவர் என் மேஜை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லாம நின்னுபோச்சுய்யா. யாரைக் கேக்கறது?"