இடது பின் டயர்

திருக்காட்டுப்பள்ளியில் வீரையனின் டயர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. டயரைப் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவான். நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. அங்கங்கே மொட்டையாக இருந்தால், "வீட்டுக் கோவத்தையெல்லாம் பிரேக்குல காட்டாதய்யா" என்பான், சிரிக்காமல். இருபத்தைந்து வருஷமாக அவன் சொன்னது தப்பியதில்லை. அதனால் வந்த மிதப்பும் கொஞ்சம் உண்டு.

அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஐயாவு ஒரு பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். குத்தகை நிலத்தைவிட்டுக் கிளப்பப் பார்த்த மிராசுதாரோடு பதினோரு வருஷம் வழக்காடி ஜெயித்தவன் அவன். ஜெயித்த நாளிலிருந்து, மிராசுதாருக்குப் பயந்து, ஊரில் ஒரு டிராக்டரும் அவன் மூட்டையைத் தொடவில்லை. போன அறுவடையில் நெல் களத்திலேயே மழையில் கிடந்து முளைத்துப்போனது. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோக வழியில்லாவிட்டால் ஜெயித்து என்ன பிரயோசனம்?

"தரகரு நல்ல வண்டின்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தாண்ணே வாங்குவேன்."

வீரையன் குனிந்து பார்த்தான். மூன்று டயர் சரியாக இருந்தது. இடது பின் டயரில் மட்டும் வெளி ஓரம் தேய்ந்திருந்தது. பார்த்தவுடன் புரிந்துவிட்டதாக நினைத்தான்.

அந்தப் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு இதே தேய்மானம்தான். வாய்க்கால் கரை ரோடு தண்ணீர்ப் பக்கம் சரிந்திருக்கும். நெல் பாரத்தோடு போகும்போது வாய்க்கால் இடது பக்கம். திரும்பும்போது சரிவு வலது பக்கம் வந்தாலும் வண்டி காலி. அதனால் இடது பின் டயர்தான் அடிவாங்கும்.

"கரையில ஓடின வண்டிய்யா. டயரை இடம் மாத்திப் போட்டா சரியாயிடும். தாராளமா வாங்கு."

சொல்லிக்கொண்டே டயரைத் தடவினான். ரம்பம்போல் உள்ளங்கையைக் கீறியது. கரையில் தேய்ந்த டயர் வழவழவென்று இருக்கும். அச்சு கோணியிருந்தால்தான் இப்படிக் கீறும். அவனுக்கா அது தெரியாது? ஆனால் வாய் முந்திக்கொண்டது, சொன்னதை மாற்ற மனம் வரவில்லை. வண்டி எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாகப்பட்டினம் என்று ஐயாவு சொல்லியிருப்பான். மீன் ஏற்றிய வண்டி. வாய்க்கால் கரையையே பார்த்திராத வண்டி.

அறுவடையின் மூன்றாம் நாள், நெல் மூட்டைகளோடு அது கரையிலிருந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. ஐயாவு அடியில் சிக்கிக்கொண்டான். தூக்கும்போது உயிர் இல்லை.

மறுநாள் வண்டியைக் கரையேற்றினார்கள். வீரையன் படுத்து அடியில் கைவிட்டான். இடது பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் வண்டியின் அடிச்சட்டம், சேசிஸ், இற்றுப்போய் முறிந்திருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து வருஷக்கணக்காக வடிந்த உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்றிருந்தது. சட்டம் தளர்ந்துதான் அச்சு கோணியிருக்கிறது. தொட்டதும் துரு அப்பளமாக உதிர்ந்தது. அங்கேயே கிடந்து அழுதான்.

"குடிச்சிட்டு ஓட்டினான், கவுத்துட்டான்" என்று மிராசுதாரின் ஆட்கள் சொல்லி, ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஐயாவு கள்ளைக்கூடத் தொட்டதில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வீரையன் போனான். பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்காராமல் நடுவில் நின்றான்.

"ஐயாவு குடிக்கல. வண்டி அடியில இத்துப்போயிருந்துச்சு. நான் பாக்கல. பாக்காமலே நல்ல வண்டின்னு சொல்லிட்டேன்."

வயதான ஒருவர், "விடு வீரையா, அவன் விதி" என்றார்.

"விதி இல்லீங்க" என்று வீரையன் கத்தினான். "என் கைக்குத் தெரிஞ்சுது. நான்தான் கேக்கல."

ஐயாவுவின் மனைவி நீலாம்பாள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் அறைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அதை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தான். அவள் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"உக்காருங்கண்ணே. கருமாதி வீட்டுல சாப்பிடாமப் போகக்கூடாது."

அவன் உட்கார்ந்தான். அவளே சோறு வைத்தாள்.

"வண்டியில மீன் கவிச்சி போகவே இல்ல. வேண்டாங்கன்னு நான் எவ்வளவோ சொன்னேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "அவருதான், வீரையண்ணன் பாத்துட்டாரு, இனி யாரும் பேசாதீங்கன்னுட்டாரு."

குழம்பு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். சோற்றில் வைத்த கையை வீரையனால் எடுக்கவும் முடியவில்லை, பிசையவும் முடியவில்லை.