இறங்கும் கோடு

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றும் பெண் ஒருவரை இரண்டாம் முறையாகச் சந்தித்தேன். காதில் கம்மலுக்குப் பதிலாக ஈர்க்கு, மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகு. பேசும்போதும் விரல்கள் நிற்காது. அவற்றை அவர் பார்ப்பதும் இல்லை.

தொண்ணூறுகளில், எங்கள் தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நிதியில் அந்த ஊருக்கு அடிபம்பு போட்டிருந்தது. முன்பெல்லாம் எத்தனை பம்பு போட்டோம் என்று கணக்கு அனுப்பினால் போதுமாயிருந்தது. அந்த வருடம் முதல், நோய் குறைந்ததாகக் காட்டினால்தான் அடுத்த பம்புக்குப் பணம் என்றாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தேன்.

“போன தடவ பையனுக்கு வயித்தால போகுதுன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கான்?”

“அவன் இல்லயே சார். பம்பு போடுததுக்கு முந்தியே போயிட்டான்.”

விரல்கள் நிற்கவில்லை. என் பேனாதான் படிவத்தின் மேல் நின்றது. வீட்டில் நோயாளி இல்லை என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் போன தடவை நோயாளியாக எழுதப்பட்ட அவனும் நோய் குறைந்த கணக்கில் சேர்ந்துவிடுவான்.

“இப்ப யாருக்கும் நோவு இல்ல. அப்படியே எழுதிக்கிடுங்க. தெக்குத் தெருவுல பச்சப்புள்ளைய இருக்கு. அங்கனயும் பம்பு வரணும்லா?”

எழுதினேன். தெற்குத் தெருவுக்குப் பம்பு வந்தது. திறப்பு விழாவன்று, ஊரில் நோய் குறைந்ததைக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக மாட்டியிருந்தோம். அவர் குடத்தோடு வந்து அதன் முன் நின்றார்.

“இதுல எம்புள்ள எங்கன சார் இருக்கான்?”

கோடு இறங்கும் இடத்தைக் காட்டினேன்.

“சரி” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கிற வரிசையில் போய் நின்றுகொண்டார்.