மண்மலர் என்று பெயர் வைத்தார்கள்

முதுநகரில் ஒரு சவுண்ட் சர்வீஸில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசும் வேலை எனக்கு. அதற்கு முன் திருப்பூர், கொச்சி, கொஞ்ச நாள் ஒரு இறால் பண்ணை. எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் குரல்தான் இருந்தது. சாவு, காதுகுத்து, கண் சிகிச்சை முகாம் எல்லாவற்றையும் அதில்தான் சொல்லுவேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்க வந்த ஒரு கம்பெனி எங்களை அமர்த்தியது. அதன் ஆட்கள் அண்ணாமலை நகர் லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார்கள். அறிவிப்பை வாங்கப் போனேன். ஏசி அறையில் படித்தவர்கள் நான்கு பேர் மூன்றாவது நாளாகத் திட்டத்துக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மீத்தேன் என்ற சொல் மட்டும் வரக்கூடாதாம், கேட்டாலே ஜனங்கள் சாலை மறியலுக்கு உட்கார்ந்துவிடுவார்களாம். கடைசியில் 'மண்மலர்' என்று முடிவு செய்து கைகுலுக்கிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவர்கள்கூட அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை.

உண்மையில் என்னதான் செய்வீர்கள் என்று அங்கிருந்த இன்ஜினியரைக் கேட்டேன். போனைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆழமா துளை போட்டு, மருந்து கலந்த தண்ணிய அழுத்தி எறக்குவோம். பாறை விரியும், கேஸ் மேல வரும். அவ்ளோதான்."

எனக்கே புரிந்தது. இதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். அறையே சிரித்தது.

அவர்கள் தந்ததைத்தான் ஊர் ஊராகப் பேசினேன். மண்மலர் மலர்கிறது, கூட்டத்துக்கு வாரீர். துளை போடவிருந்த இடத்துக்கு அடுத்த கொல்லையில் கத்திரி போட்டிருந்த ஒரு பெண் ஆட்டோவை மறித்தாள். தன் போர்வெல் தண்ணீருக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள். அந்த ஒரு போரை நம்பித்தான் அவள் குடும்பம் இருந்தது. கூட்டத்தில் கேள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். லாட்ஜ்காரர்களைவிட நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.

எங்கள் பக்கம் கூட்டம் என்றால் முதலில் நோட்டில் கையெழுத்து, அப்புறம் சாப்பாட்டு டோக்கன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் பார்ப்பதில்லை. அன்றும் எல்லாரும் போட்டார்கள், அவளும் போட்டாள். மேலே காலியாக இருந்தது. ஊர் சம்மதித்ததாகப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கம்பெனி ஆள் இன்னொருவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அவள் எழுந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். மேடையில் இருந்தவர் மண்மலரின் மணத்தைப் பற்றிப் பதில் சொன்னார். மறுபடி கேட்டாள். மறுபடியும் மணம். மைக்கைச் சரிசெய்வதுபோல் போய் வாங்கி, இன்ஜினியர் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன், சாவு அறிவிக்கிற குரலில். காலியாக விட்ட இடத்தையும் சொன்னேன்.

இன்ஜினியர் முன்வரிசையில்தான் இருந்தார். அவள் அவரிடம் திரும்பினாள். "சார், இந்த மாமா சொல்றது பொய்யா?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார்.

அவள் நோட்டை இழுத்துத் தன் பெயரை அடித்தாள். டோக்கனை மேசைமேல் வைத்தாள். அவள் பின்னால் ஒரு வரிசை சேர்ந்தது. அதில் நிற்காமல் பிரியாணிக்குப் போனவர்களும் உண்டு.

அன்று மாலையே சவுண்ட் சர்வீஸ் ஓனர் மைக்கை வாங்கிக்கொண்டார். "எழுதிக் குடுத்தத படிக்கத்தான மச்சான் ஒன்ன வச்சேன்," என்றார். நியாயம்தான். இப்போது சிதம்பரத்தில் ஒரு லாரி ஷெட்டில் இருக்கிறேன். கம்பெனி வேறொரு பூவின் பெயரோடு திரும்ப வந்திருக்கிறதாம். அந்தப் பெண் அறிவிப்பு ஆட்டோவை நிறுத்தி, முதலில் நோட்டைக் காட்டு என்கிறாளாம்.